அழைக்கும் பெயர்

கிரேக்க நாட்டு மலையூரான பலியோவ்ரிஸியில் தெருவில் நின்று "லாம்ப்ரோ!" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நாலு பேருக்கும் குடும்பப் பெயர் கராலிஸ். நாலு பேருக்கும் தொழில் செம்மறி மேய்ப்பது. தாத்தா பெயரைத் தாங்குகிறவன்தானே பேரன்? கிழவர் லாம்ப்ரோஸ் கராலிஸுக்கு நாலு மகன்கள். நாலு பேரும் தலைப்பிள்ளைக்கு அப்பன் பெயரையே வைத்தார்கள். யாராவது ஒருத்தன் விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். விட்டுக்கொடுத்தால் அப்பனை அவமதித்த மாதிரி ஆகிவிடாதா? ஊருக்கு இதனால் ஒரு கஷ்டமும் இல்லை. அது பாட்டுக்கு ஆளுக்கொரு பட்டப்பெயரை வைத்துவிட்டுப் பிழைப்பைப் பார்த்தது. கஷ்டமெல்லாம் கம்ப்யூட்டருக்கும், அதை நம்பி இறங்கிய எவாந்தியாவுக்கும்தான்.

எவாந்தியா அந்த ஊர் சீஸ் ஆலையின் முதலாளியம்மா. ஊர் அவளைக் 'கிரியா எவாந்தியா' என்று கூப்பிடும், நம்மூர் 'மேடம்' மாதிரி. பிறந்தது கடலோர வோலோஸில். ஸ்தெர்யோஸைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. சீஸ் செய்வது அவன் கை. பால் வாங்குவது, சரக்கு விற்பது, வரி ஆபீசில் மல்லுக்கட்டுவது எல்லாம் இவள் வாய். ஸ்தெர்யோஸ் வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் அன்றைக்கு மழை வரும் என்பார்கள்.

போன வசந்தத்தில் ஒரு கூத்து நடந்தது. யாரோ ஒரு புண்ணியவான் நோய்கண்ட ஆட்டுக்கு ஊசி போட்டுவிட்டு, அதன் பாலையும் சேர்த்து வண்டியில் ஊற்றிவிட்டான். ஒரு குடம் பாலுக்குத் துளி விஷம். பரிசோதனையில் மருந்து தெரிந்தது. யார் பால் என்று தெரியாததால் தொட்டி முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. எவாந்தியா வீடு வீடாகப் போய்க் கேட்டாள். "கன்னிமாதா மேல ஆணையா என் ஆடு இல்ல கிரியா எவாந்தியா" என்று ஒவ்வொருத்தனும் நெஞ்சில் கை வைத்தான். வெள்ளை வெளேரென்று பால் சாக்கடையில் ஓடுவதைப் பார்த்து அவள் அழுதேவிட்டாள்.

அதற்கப்புறம்தான் மியூனிக்கில் ஊர் முழுக்கக் கடை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து ஆள் விட்டார்கள். ஆலையின் ஃபெட்டா சீஸ் மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறோம், ஆனால் ஒரு நிபந்தனை. எந்தப் பீப்பாயைக் காட்டினாலும் அது எந்த மந்தையின் பால், என்றைக்குக் கறந்தது, வழியில் எவ்வளவு குளிராக இருந்தது என்று அங்கேயே அப்போதே காட்ட வேண்டும். எவாந்தியாவுக்கு இது வாழ்வா சாவா விஷயம். லரீசாவில் இருந்த பெரிய கம்பெனி ஒன்று ஏற்கனவே மேய்ப்பர்களுக்கு வலை வீசிக்கொண்டிருந்தது. மியூனிக் ஆர்டர் கிடைக்காவிட்டால் அடுத்த குளிர்காலத்துக்குள் ஆலையைப் பூட்டிச் சாவியை ஆற்றில் எறிய வேண்டியதுதான்.

யோவானினா பட்டணத்திலிருந்து மிர்த்தோ என்ற பெண்ணை வரவழைத்தாள். இப்படிப்பட்ட ஆலைகளுக்குக் கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் அவள் தொழில். பால் கேன்களில் ஸ்டிக்கர் ஒட்டினாள், வண்டிக்குள் வெப்பமானி வைத்தாள், ஓட்டுநர் ஆர்பென் கையில் ஒரு டேப்லெட்டைத் திணித்தாள்.

"அக்கா, இதெல்லாம் மாட்டறது ஒண்ணும் பெரிசில்ல" என்றாள். "உங்க கணக்கு குழம்பிக் கிடந்தா மெஷினும் சேர்ந்து குழம்பும். என்ன, உங்களைவிட வேகமா குழம்பும்."

சொல்லி வாய் மூடவில்லை, குழம்பியது. ஒரே பெயர், ஒரே ஊர், ஒரே தொழில். ஒரே ஆளைத்தான் நாலு தடவை எழுதியிருக்கிறார்கள் என்று மெஷின் தீர்மானித்து, நாலு லாம்ப்ரோஸையும் ஒரு லாம்ப்ரோஸாக்கிவிட்டது. ஆர்பென் ஒரே ஒரு வாசலில் வண்டியை நிறுத்தி, பாலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். மற்ற மூன்று பேரும் கேனோடு காத்திருந்து காத்திருந்து, கடைசியில் கேனோடு ஆலைக்கே வந்து கத்தினார்கள்.

சரி, ஆளுக்கொரு எண் கொடுப்போம் என்று மிர்த்தோ எண் கொடுத்தாள். மெஷினுக்குப் போதும், ஆர்பெனுக்குப் போதவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்து அல்பேனியாக்காரன், ஊருக்குப் புதுசு. எண்ணைப் பார்த்து எந்த வாசல் என்று எப்படிக் கண்டுபிடிப்பான்? அப்பன் பெயரைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆர்பென் ஊரெல்லாம் விசாரித்துவிட்டு வந்து தலையைச் சொறிந்தான்.

"அக்கா, இந்த நாலு பேரும் கல்லறையில இருக்காங்களாம். அங்க போயா பால் எடுக்கணும்?"

மிர்த்தோ விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு திரையில் ஒரு கட்டத்தைக் காட்டினாள். "இங்க பாருங்க அக்கா, 'அழைக்கும் பெயர்'னு ஒரு கட்டம் இருக்கு. ஊர்ல அவரை எப்படிக் கூப்பிடுவாங்களோ அதைப் போடுங்க. ஆர்பென் யாரைக் கேட்டாலும் வழி காட்டிடுவாங்க."

சனி அந்தக் கட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தது. பலியோவ்ரிஸியில் ஒருத்தனை ஊரே அழைக்கும் பெயர் ஒன்று உண்டு. அவனை மட்டும் அப்படி அழைக்கக்கூடாது! பட்டப்பெயர் முதுகுக்குப் பின்னால் புழங்குவது. பெண்டாட்டிகூட அடுப்படியில்தான் முணுமுணுப்பாள். முகத்துக்கு நேரே சொன்னால் நாற்காலி பறக்கும். எவாந்தியாவுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் ஆர்பென் கையிலிருக்கும் டேப்லெட்டை வேறு யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். கடகடவென்று அடித்துவிட்டாள்.

கூட்டுச் செலவுக்குப் பணம் கேட்டால் காது கேட்காத லாம்ப்ரோஸ், 'டமாரச் செவிடு'. கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் கோலத்தில் ஓடையில் விழுந்த லாம்ப்ரோஸ், 'ஈர நிஜார்'. பதினைந்து வருஷமாக நிச்சயம் மட்டும் செய்துகொண்டு நிற்கும் லாம்ப்ரோஸ், 'நாளைக்கு'. இருக்கிற மந்தைகளிலேயே பெரிய மந்தைக்காரன், மீசைக்காரன், மூக்குக்கு மேல் கோபம் வைத்திருக்கும் லாம்ப்ரோஸ், 'ஆட்டுக்கள்ளன்'.

மந்திரம் போட்ட மாதிரி எல்லாம் நேராயிற்று. ஆர்பென் ஒரு வாசலையும் தவறவிடவில்லை. மாதங்கள் ஓடின. குளிரறையில் பீப்பாய்கள் வரிசை வரிசையாக நிறைந்தன. மியூனிக்காரர்கள் வியாழக்கிழமை நேரில் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். எவாந்தியா ஆலைக்கு வெள்ளையடித்தாள், ஸ்தெர்யோஸுக்குப் புதுச் சட்டை வாங்கினாள்.

அந்த வாரம் மிர்த்தோ இன்னொரு வசதியையும் திறந்துவிட்டாள். வண்டி எப்போது வரும் என்று மேய்ப்பர்களுக்கு முதல் நாளே தகவல் போய்விடும். பாலைச் சரியான நேரத்துக்குக் குளிரவைத்துத் தயாராக இருப்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மெஷின் மரியாதை தெரிந்த மெஷின். யாருக்கு எழுதினாலும் அழைக்கும் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் விட்டு ஆண்களெல்லாம் காபிக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். செவிடனுக்குக் கண்ணாடி போடச் சோம்பல், அதனால் அவன் போன் எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக் காட்டும். அது திடீரென்று கணீர் குரலில் பேசியது:

"வணக்கம், அன்புக்குரிய டமாரச் செவிடு அவர்களே! பால் வண்டி நாளை காலை ஆறு மணிக்கு உங்கள் வாசலுக்கு வரும். ஒத்துழைப்புக்கு நன்றி."

ஈர நிஜார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரித்துக்கொண்டே தன் போனை எடுத்துப் பார்த்தான். சிரிப்பு அப்படியே உறைந்தது. அடுத்த மேஜையில் ஆட்டுக்கள்ளன் தன் போனை எழுத்துக்கூட்டிப் படித்தான். மீசை துடித்தது. காபிக் கோப்பை சுவரில் போய் விழுந்தது.

எவாந்தியாவுக்கு விஷயம் எட்டியபோது கோழி வறுவலை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். ஐயையோ என்று தலையில் கை வைத்துக்கொண்டு மிர்த்தோவுக்குப் போன் போட்டாள்.

"அடிப் பாவி, என் குடியைக் கெடுத்துட்டியேடி! அந்தப் பேரையெல்லாம் உடனே அழி!"

"மெசேஜை இப்பவே நிறுத்திடறேன் அக்கா. இனிமே வர்ற பால்ல பேரையும் மாத்திடலாம். ஆனா மூடின பீப்பாயோட கணக்குல ஏறின பேரை அழிக்க முடியாது."

"ஏன் முடியாது? நீதானே செஞ்சே?"

"அதுக்குத்தானே அக்கா இது! மூடினதுக்கப்புறம் யாராலயும் கை வைக்க முடியாதுன்னுதான் மியூனிக்காரங்க நம்பறாங்க. நானே நினைச்சாலும் முடியாது. நாளைக்கு எவனாவது ஊசி போட்ட பாலை ஊத்திட்டு, பேரை மாத்திக்கிட்டா?"

எவாந்தியா போனை வைத்தாள். ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு, ஸ்தெர்யோஸையும் இழுத்துக்கொண்டு காபிக்கடைக்கு நடந்தாள்.

நாலு லாம்ப்ரோஸும் ஒரே மேஜையில் இருந்தார்கள். அது ஒன்றே பெரிய அபாயம், ஏனென்றால் சாதாரண நாளில் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. எவாந்தியா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்றாள். பீப்பாயில் இருப்பதை அழிக்க முடியாது என்பதையும் சொன்னாள்.

"அப்போ ஜெர்மனியில எங்களை ஈர நிஜார்னும் செவிடுன்னும் படிக்கப் போறாங்க?" என்றான் ஈர நிஜார்.

"பட்டணத்து மூளை" என்றான் நாளைக்கு. "எழுத்துல போட்டுட்டாங்கப்பா. ஊர் வாயில இருந்தா காத்தோட போயிடும். இது போகுமா?"

"அழிக்கலேன்னா நாளையிலேருந்து என் பால் லரீசாவுக்கு" என்று ஆட்டுக்கள்ளன் மேஜையைத் தட்டினான். "உங்களுக்கு என்ன கிரியா எவாந்தியா? உங்களை யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்காங்களா? எங்க வலி உங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

அவளுக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பல வருஷமாகத் தொண்டையில் நின்ற முள் அது.

"சொல்லலேங்கறதுதாண்ணே என் வலி" என்றாள். "இந்த ஊர்ல நாய்க்குக்கூடப் பட்டப்பேர் இருக்கு. பாதிரியாருக்கு இருக்கு. என் புருஷனுக்கு இருக்கு. எனக்கு மட்டும் கிரியா, கிரியா, கிரியா. வரி ஆபீசர் கூப்பிடற மாதிரி. திட்டறதுக்காவது ஒரு பேரு வெச்சிருக்கலாமே? இத்தனை வருஷம் உங்க பாலைத் தூக்கியும் நான் விருந்தாளிதானே?"

மேய்ப்பர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். செவிடன் மட்டும் கைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு மாதிரி முக்கினான். காது கேட்காதவனுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"என்னண்ணே சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல..."

"சொல்லித் தொலைங்க!"

"நான் சொல்ல மாட்டேம்பா. நாற்காலி பறக்கும்" என்று அவன் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினான்.

எவாந்தியா மெல்லப் புருஷன் பக்கம் திரும்பினாள். ஸ்தெர்யோஸ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் தக்காளியாகச் சிவந்திருந்தன.

"யோவ் ஸ்தெர்யோ. எனக்குப் பேரு இருக்கா?"

"ஹாரன்" என்றான்.

"என்னது?"

"நீ வந்த புதுசுல நீதானே பால் வண்டி ஓட்டினே. விடியக்காலையில ஒவ்வொரு வாசல்லயும் நின்னு ஹாரன் அடிப்பே. கேனோட ஆள் வெளிய வர்ற வரைக்கும் கையை எடுக்க மாட்டே. அப்போ வெச்சது." அவனுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், இவ்வளவு பேசிவிட்டோமே என்று. "ஊரே அப்படித்தான் சொல்லுது. ஹாரன் வீட்டுக்குப் போறேன், ஹாரன்கிட்ட பால் ஊத்தறேன், ஹாரன் இன்னைக்கு நல்ல மூடுல இல்ல..."

"இருபது வருஷமாவா? நீ என்கிட்ட சொல்லவே இல்ல?"

"முகத்துக்கு நேரா சொல்லக்கூடாதே" என்றான் ஸ்தெர்யோஸ், பரிதாபமாக.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து மேஜைக்காரர்கள் தங்கள் கோப்பைகளைப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள். ஆனால் நாற்காலி பறக்கவில்லை. எவாந்தியா சிரித்தாள். முதலில் மூக்கால், அப்புறம் வாயால், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சிரித்த கண்ணில் தண்ணீர் கொட்டியது. எது சிரிப்பு, எது அழுகை என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது. அந்த நிமிஷம் அவள் மனசு அவ்வளவு நிறைந்திருந்தது.

அங்கேயே மிர்த்தோவுக்குப் போன் போட்டாள். "மெஷின்ல பீப்பாயை வெளிய அனுப்ப ஒப்புதல் தர்றவங்கன்னு ஒரு இடம் இருக்கு பாரு. அதுல கிரியா எவாந்தியாவை எடுத்துடு. ஹாரன்னு போடு. ஆமாடி, ஹாரன்! வண்டியில இருக்குமே, அதேதான்!" போனை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இப்போ நானும் ஜெர்மனிக்கு வர்றேன் உங்களோட."

செவிடன் தொடையைத் தட்டிச் சிரித்தான். ஈர நிஜார், "சரி விடு, என்னோட ஓடைக் கதையாவது வெளிநாடு பார்க்கட்டும்" என்றான். நாளைக்கு, யோசித்து நாளைக்குச் சொல்வதாகச் சொன்னான், அது அவன் பாஷையில் சம்மதம். ஆட்டுக்கள்ளன் மட்டும் எழுந்தான்.

"சிரிங்கடா. ஓடையில விழுந்தவனும் சிரிக்கலாம், ஹாரன் அடிச்சவங்களும் சிரிக்கலாம். என் பேருல திருட்டு இருக்கு" என்றான். கதவைச் சாத்திய சாத்தில் கண்ணாடி அதிர்ந்தது.

எவாந்தியாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மறுநாள் ஆர்பென் போனபோது அவன் வாசல் பூட்டியிருந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். அவன் பால் இல்லாமல் ஆலை பாதிதான் ஓடும்.

வியாழக்கிழமை மியூனிக்கிலிருந்து வீப்கே என்ற பெண்மணி வந்தாள். உயரமான, சிரிக்கத் தெரிந்த, எதையும் நம்பாத பெண்மணி. கிரேக்கம் மாலை வகுப்பில் படித்தது, தட்டுத்தடுமாறி வரும். தெரியாத வார்த்தைக்கு அகராதியைப் பார்ப்பாள். ஊரில் பாதிப்பேர் ஆலை வாசலில் கூடிவிட்டார்கள், கல்யாணத்துக்கு வந்த மாதிரி. அந்தக் கூட்டத்துக்குப் பின்னால், மதிலில் சாய்ந்து, யாரையும் பார்க்காமல் ஆட்டுக்கள்ளனும் நின்றான். வேடிக்கை பார்க்க வந்தானோ, சண்டை போட வந்தானோ, எவாந்தியாவுக்குத் தெரியவில்லை.

வீப்கே குளிரறைக்குள் போனாள். ஸ்தெர்யோஸ் முன்னால் எடுத்து வைத்திருந்த அழகான பீப்பாய்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மூலையில் அடியில் கிடந்த ஒன்றைச் சுட்டி, அதை வெளியே உருட்டச் சொன்னாள். டேப்லெட்டை அதன் மேல் காட்டியதும் திரையில் எல்லாம் வந்தது. கறந்த நாள், வழியில் இருந்த குளிர், பரிசோதனை முடிவு. பிரமாதம் என்று தலையாட்டிக்கொண்டே வந்தவள், பால் கொடுத்தவர்கள் என்ற இடத்தில் நின்றாள். இரண்டு மந்தை. 'நாளைக்கு', 'ஆட்டுக்கள்ளன்'.

அகராதியைப் புரட்டினாள். நெற்றி சுருங்கியது.

"மன்னிக்க... இது... ஆடு திருடுகிறவர்? இந்தப் பால், திருடிய ஆட்டின் பாலா?"

அது வெறும் பட்டப்பெயர் என்று எவாந்தியா சொல்லலாம். ஆனால் வீப்கே நம்ப வேண்டுமே. அதைவிட, அந்தப் பெயருக்கு உரியவன் அங்கே நிற்கும்போது தன் வாயால் எப்படிச் சொல்வது? ஒரு தடவை அவனை எழுத்தில் அவமானப்படுத்தியாயிற்று, இன்னொரு தடவை ஊர் முன்னால் வேண்டாம். ஆர்டர் போனால் போகட்டும் என்று தோன்றிய அந்த நிமிஷத்தில் அவளுக்கு அழுகை முட்டியது.

"அவர் யார்? நான் பேசலாமா?" என்று வீப்கே கேட்டாள். "அல்லது இந்த... நாளைக்கு?"

"அவன் நாளைக்குத்தான் வருவான்" என்று யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஊரே மதில் பக்கம் பார்க்காமலிருக்கப் பாடுபட்டது.

கூட்டம் விலகியது. மீசைக்காரன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடந்து வந்தான். எவாந்தியாவைத் தாண்டி வீப்கேயின் எதிரில் நின்று, தொண்டையைக் கனைத்தான்.

"நான்தான் ஆட்டுக்கள்ளன்" என்றான், ஊருக்கே கேட்கும்படி. "அந்த ஆடு என் ஆடுதாம்மா! பக்கத்துப் பட்டிக்குப் போயிடுச்சு, இருட்டற நேரத்துல தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தேன். பாதிரியார் பார்த்துட்டாரு. முப்பது வருஷமா சொல்றேன், ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான். என் பட்டிக்கு வாங்க. ஒவ்வொரு ஆட்டுக்கும் காதுல எண் இருக்கு, ஒண்ணு விடாம சரிபாருங்க. பாத்துட்டு இவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க!"

வீப்கேவுக்கு எவ்வளவு புரிந்ததோ, காது எண் புரிந்தது. பட்டிக்கும் போனாள், எண்களையும் பார்த்தாள், அவன் பெண்டாட்டி கொடுத்த கீரை வைத்துச் சுட்ட அப்பத்தைத் தின்று இன்னொரு துண்டும் கேட்டாள். திரும்பி வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. நான் பார்த்த ஆலைகளிலேயே பால்காரர் இப்படித் தாமாகவே முன்னால் வந்து நின்றது இங்கேதான் என்றாள். பீப்பாயை எடுத்துக்கொள்கிறோம், மற்றதையும்தான் என்றாள்.

எவாந்தியா ஒப்புதல் பொத்தானை அழுத்தினாள். திரையில் கடைசி வரி வந்து விழுந்தது. வீப்கே குனிந்து படித்தாள். மறுபடி அகராதி.

"ஹாரன்? ஒப்புதல் தரும் இவர் யார்? வெளியூர் அதிகாரியா?"

எவாந்தியா வாயைத் திறப்பதற்குள் ஆட்டுக்கள்ளன் முந்திக்கொண்டான். தொப்பியை மாட்டிக்கொண்டு, கட்டைவிரலால் அவளைக் காட்டினான்.

"வெளியூரா? நல்லா கேட்டீங்க. அது எங்க ஊர்க்காரிம்மா."

அப்புறம் அவள் பக்கம் திரும்பி, வாழ்க்கையில் முதல் தடவையாக முகத்துக்கு நேரே சொன்னான்: "ஹாரன்! நாளைக்கு வண்டியை அனுப்பு. பால் இருக்கு."